பெயர் ஒட்டாத பாட்டில்கள்

திண்டிவனம்
4-8-2025

அம்சா,

நலமா என்று கேட்கவில்லை. நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி என்றும், புதுச்சேரியில் முப்பது நாள் ரேடியேஷன் கரண்டு வைத்தார்கள் என்றும், இப்போது நாக்கில் ருசியே இல்லாமல் கஞ்சியைக்கூடத் துப்புகிறார் என்றும் தென்னரசு சொன்னான். நீ சொல்லவில்லை. மாமா மகனுக்கு இருக்கிற ஈரம் கூடப்பிறந்தவளுக்கு இல்லை. போன் செய்து பார்த்தேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் போலிருக்கிறது, மணியே அடிக்கவில்லை.

தென்னரசு கொண்டுவருகிற பாட்டிலில் இருப்பது பரங்கிப்பழ வெண்ணெய். பெயரில்தான் வெண்ணெய், உள்ளே ஒரு சொட்டு கிடையாது. பாண்டி ரோட்டில் நான் வேலை பார்க்கிற பேக்கரியில் ரொட்டியில் தடவுவதற்காகச் செய்வோம். பரங்கிப்பழத்தை வேகவைத்து, வெல்லம், பட்டை, சுக்கு போட்டு, வெண்ணெய் பதத்துக்கு வரும்வரை கிண்டுவது. கரண்டு வைத்த ஒருவருக்கு அவர் மனைவி மாதக்கணக்கில் இதை வாங்கிப் போனார். வேறு எதுவும் இறங்காத தொண்டையில் இது இறங்கியது என்று அந்த அம்மாவே சொன்னார். அப்பாவுக்காகக் கிராம்பைக் குறைத்து வீட்டில் தனியாகச் செய்தேன்.

கொடுப்பதும் குப்பையில் போடுவதும் உன் இஷ்டம். பாட்டில் மேல் எழுதி ஒட்டியிருப்பதைப் படி.

அன்புச்செல்வி

விழுப்புரம்
8-8-2025

அன்புச்செல்விக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. நீயும் எதிர்பார்க்க மாட்டாய்.

உன் பாட்டிலைக் குப்பையில் போடத்தான் எடுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் கட்டிலிலிருந்து அப்பா, "இன்னாது அது?" என்றார். பதினோரு நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். ஒரு கரண்டி வைத்தேன். சப்பினார். வாயைத் திறந்து இன்னொன்று கேட்டார். அன்றைக்கு ஆறு கரண்டி சாப்பிட்டார். நான் செய்தது என்று சொல்லிவிட்டேன்.

இதற்காக உனக்கு நன்றி சொல்லப் போவதில்லை. அப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்று பதினாறு வருஷம் கழித்து உனக்கு நினைவு வந்திருக்கிறது. மூன்று ஞாயிறு மாதா கோவிலில் வாசிக்க வேண்டிய உன் கல்யாண ஓலையை இரண்டு தடவை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு முதல் நாள் நீ முருகையனோடு மயிலம் மலைக் கோவிலுக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டாய். விடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. விஷயம் தெரியாமல் சாமியார் அவர் பாட்டுக்கு வாசித்தார். சவுரிராயன் மகள் அன்புச்செல்வி என்று ஊர் முன்னால் வாசித்ததை அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். நீ இல்லை.

அதற்கப்புறம் எனக்கு நர்சிங் இரண்டாம் வருஷம் போதும் என்றாகிவிட்டது. இவளும் ஓடிவிடுவாளோ என்று நாலு மாசத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

உன் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அப்பா சொன்னது உனக்கும் தெரியும். அது உன் கைச் சோறு என்று தெரிந்தால் அன்றைக்கே வாயை மூடிவிடுவார். அதனால் அனுப்புவதானால் அனுப்பு, உள்ளே கடிதம் வைக்காதே. தபாலை வீட்டுக்கும் எழுதாதே. முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர், உறையைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார். எதுவானாலும் நான் கிளார்க் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு எழுது. போனில் உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன்.

அப்பாவின் எடை நாற்பத்தொரு கிலோ. கேட்பாய் என்பதால் சொல்கிறேன்.

அம்சா

திண்டிவனம்
12-8-2025

அம்சா,

மூன்று பாட்டில் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து பரங்கியை வேகப்போட்டு, ஞாயிறு மத்தியானம் வரை கிண்டியது. என் மணிக்கட்டில் நாலு இடத்தில் தெறித்துக் கொப்பளம். அதற்கு நீ செய்தாய் என்று பெயர். நல்லது, வாங்கிக்கொள். வெறும் கையோடு பெயர் எடுப்பது உனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் என் எம்ப்ராய்டரித் துணியைக் காட்டிப் பரிசு வாங்கியவள்தானே.

ஓலைக் கதையை எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று ஓலை எழுதக் கொடுப்பதற்கு முன்னாலேயே அப்பாவிடம் சொன்னேன். அடுப்படியில், அம்மா முன்னால் சொன்னேன். "எழுதிக் குடுத்தாச்சு, போ" என்றார். அப்போது கதவோரம் நின்றுகொண்டிருந்தவள் நீ. அக்கா சொல்வது நியாயம் என்று ஒரு வார்த்தை வரவில்லை உன் வாயிலிருந்து. உன் நர்சிங் போனதற்கு நான் காரணமென்றால், என் வாழ்க்கை போகவிருந்ததற்கு நீயும் ஒரு சாட்சி.

நான் எதற்காக அனுப்புகிறேன் என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். ஒளிக்க ஒன்றுமில்லை. அம்மா செத்தபோது என்னை வீட்டுக்குள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, மண் போடுகிற சத்தத்தைத்தான் கேட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவையும் அப்படி அனுப்ப என்னால் முடியாது. உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். திட்டட்டும், அடிக்கட்டும். அவர் நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பு வந்ததும் அது யார் செய்தது என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் தேவையில்லை.

இந்தத் தடவையும் பாட்டில் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். படி.

அன்புச்செல்வி

விழுப்புரம்
25-8-2025

அன்புச்செல்விக்கு,

என்ன போட்டு அனுப்பினாய்?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தது. வாந்தி, பேதி. எடுத்த வாந்தியில் அந்தத் தொண்டை கிழிந்து ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் லாரியோடு ஓசூரில் இருந்தார். நான் ஒருத்தியாக அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாள் டிரிப்ஸ். டாக்டரம்மா, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டதும் பாட்டிலைக் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "கெட்டுப் போனத குடுத்திருக்கீங்களேம்மா, படிச்சவங்கதானே நீங்க?" என்றார். அத்தனை பேர் முன்னால். மேலே நுரை கட்டியிருந்ததை மசாலா என்று நினைத்தேன்.

பேக்கரியில் விற்காமல் மீந்ததை அனுப்பினாயா? இல்லை, இதுதான் உன் திட்டமா? உயிரோடு பார்க்க வேண்டும் என்று எழுதிய கையாலேயே விஷத்தைக் கிண்டி அனுப்புகிறாய். மூன்று பாட்டிலையும் சாக்கடையில் கொட்டிவிட்டேன். இனிமேல் தென்னரசு எங்கள் தெருப்பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நடப்பதே வேறு.

எடை முப்பத்தொன்பது. பொங்கல் வை, கொண்டாடு.

அம்சா

திண்டிவனம்
28-8-2025

அம்சா,

உன் கடிதத்தை பேக்கரி அடுப்புக்கு முன்னால் நின்று படித்தேன்.

ஒரே ஒரு கேள்வி. பாட்டிலை எங்கே வைத்தாய்?

நீ சொல்ல மாட்டாய், தென்னரசு சொன்னான். ஒரு பாட்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்து டப்பாக்களோடு. மற்ற இரண்டு சமையலறை அலமாரியில், ஊறுகாய்க்குப் பக்கத்தில். பத்து நாள். ஆகஸ்டு மாத வெயிலில். "ஃபிரிட்ஜில் மட்டும் வை. வெளியே வைக்காதே. ஒரு வாரத்துக்கு மேல் தொடாதே. கரண்டியை வாயில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே விடாதே" என்று ஒவ்வொரு பாட்டிலிலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேனே, அதை என்ன செய்தாய்? இரண்டு கடிதத்தில் இரண்டு தடவை படி, படி என்று எழுதினேனே.

என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்தை அப்பா பார்த்துவிடுவார் என்று, பை உள்ளே வந்ததுமே தண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டி எடுத்திருப்பாய். படிக்காமலே. என் பெயரை மறைக்கிற அவசரத்தில் அப்பாவுக்கு வைத்தியத்தையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறாய். இது ஊறுகாய் இல்லை. பரங்கியில் புளிப்பு கிடையாது, உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. அவர் வாய்ப்புண்ணுக்காக எலுமிச்சையைக்கூட அரை மூடிதான் பிழிந்தேன். அது எப்படி வெளியே தாங்கும்? நர்சிங்கில் இதைச் சொல்லித்தரவில்லையா, இல்லை அது மூன்றாம் வருஷப் பாடமா?

விஷம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி ஒரு பாட்டிலும் வராது. அன்புச்செல்வி செய்தது என்று அப்பாவிடம் சொல். சொன்ன மறுநாள் அனுப்புகிறேன், மேலே என் பெயரோடு. அதை நீ கிழிக்கக் கூடாது.

அன்புச்செல்வி

விழுப்புரம்
2-9-2025

அன்புச்செல்விக்கு,

ஆமாம், சுரண்டினேன். படிக்கவில்லை. என் தப்புதான். நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டு ஆபீசில் மாறுதல் சான்றிதழில் பிள்ளைகளின் பிறந்த தேதியை எல்லாம் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன். விஷம் என்று எழுதியதையும் எழுதியிருக்கக் கூடாது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன், இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

ஆனால் நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. சொன்னால் சாப்பிட மாட்டார். சாப்பிடாவிட்டால் இருக்க மாட்டார். இதில் உனக்கு எது வேண்டும், உன் பெயரா, அவரா? நேற்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு டியூப் போடலாமா என்று கேட்டார்கள். அப்பா ஜாடையில் வேண்டாம் என்றார். கஞ்சியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "அன்னிக்குக் குடுத்தியே, அந்தப் பரங்கி, அத்தப் பண்ணிக் குடேன்" என்று தினம் இரண்டு தடவை கேட்கிறார். நான்தான் செய்தேன் என்று சொன்னவள் ஆயிற்றே, என்ன பதில் சொல்ல? பரங்கி கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். விழுப்புரம் மார்க்கெட்டில் பரங்கி கிடைக்கவில்லையாம். அவரும் நம்புகிற மாதிரி தலையை ஆட்டுகிறார்.

நீ அனுப்ப வேண்டாம். எப்படிச் செய்வது என்று எழுது. எதையும் விடாமல் எழுது. நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

அம்சா

திண்டிவனம்
6-9-2025

அம்சா,

மூன்று நாள் யோசித்தேன். எழுதக் கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் பசியோடு இருப்பது நீ இல்லை, அவர். அதனால் எழுதுகிறேன். இதைக் கிழிக்காமல் முழுதாகப் படி.

பரங்கி முழுக்காயாக வாங்கு. கீற்று போட்டு வைத்திருப்பதை வாங்காதே. காம்பு காய்ந்திருக்க வேண்டும், நகத்தால் குத்தினால் தோல் இறங்கக் கூடாது. பெரியதைப் பார்த்து மயங்காதே, பெரியதெல்லாம் தண்ணீர். மூன்று கிலோ போதும்.

இரண்டாக வெட்டி விதையையும் நாரையும் வழித்துவிடு. தோலைச் சீவாதே. தண்ணீரில் வேகவைக்காதே, இட்லிப் பானையிலும் வைக்காதே. இங்கேதான் எல்லாரும் கெடுப்பார்கள். அடி கனத்த பழைய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, தட்டில் பரங்கியைக் கவிழ்த்து மூடு. சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம். தோல் சுருங்கி, கரண்டிக் காம்பு பிட்டில் இறங்குவது மாதிரி இறங்க வேண்டும். ஆறியதும் சதையை வழித்து, வெள்ளைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடு. வடிகிற தண்ணீரைக் கண்டு ஐயோ என்று இருக்கும். போகட்டும். பிறகு மிக்சியில் நைசாக அரை. ஒரு நார்கூட இருக்கக் கூடாது, அவர் தொண்டையில் மாட்டும்.

அரைத்தது ஒரு கிலோ இருந்தால் வெல்லம் முந்நூறு கிராம். கரைத்து, வடிகட்டி, பாகு வராமல் கொதிக்கவிட்டு ஊற்று. பட்டையை வறுக்காமல் பொடித்து ஒரு ஸ்பூன். சுக்கு அரை ஸ்பூன். ஜாதிக்காயைக் கல்லில் நாலு இழைப்பு இழை, அதற்கு மேல் போனால் கசக்கும். கிராம்பு எனக்கென்றால் ஐந்து, அப்பாவுக்கு ஒன்று. வாய்ப்புண் இருக்கும் வரை மிளகு பக்கம் போகாதே.

கிண்டுவதுதான் வேலை. மரக் கரண்டி, நீளக் காம்பு. முதல் அரை மணி நேரம் சும்மா இருக்கும், நீ ஏமாந்துவிடுவாய். பிறகு கொப்புளம் விட்டுத் தொப்பென்று தெறிக்கும். கையில் பழந்துணி சுற்றிக்கொள். போன் வந்தது, யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விடாதே, அடி பிடித்தால் முழுச் சட்டியும் கருகல் வாடைதான். பதம் பார்க்க ஒரு தட்டில் ஒரு கரண்டி வை. ஓரத்தில் தண்ணீர் கசிந்து வளையம் கட்டினால் இன்னும் ஆகவில்லை. கசியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் இறக்கு. எலுமிச்சை அரை மூடி, இறக்கிய பிறகு. கொதிக்க வைத்த சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வை. ஒரு வாரம். ஒரு வாரம் என்றால் ஏழு நாள்.

எதையும் மறைக்கவில்லை. சரியாக வரவில்லையென்றால் என்மேல் பழி போடாதே, உன் கையைப் பார்.

அன்புச்செல்வி

விழுப்புரம்
15-9-2025

அன்புச்செல்விக்கு,

சனிக்கிழமை செய்தேன். அடுப்படியில் சத்தம் கேட்டு அப்பா, நாற்காலி போடச் சொல்லி வந்து உட்கார்ந்துகொண்டார். வேண்டாம்ப்பா, புகை ஆகாது என்றால் கேட்டால்தானே? உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தேன். மணலுக்கு எங்கே போவது என்று தெரியாமல் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து அள்ளி வந்து, ஈரத்தோடு போட்டுவிட்டேன். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி. பரங்கி வெந்து கூழாகிவிட்டது. துணியில் கட்டினால் பாதி ஓடிப்போனது. கிண்டும்போது கையில் தெறித்து, கரண்டியைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அடி பிடித்துவிட்டது.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வுடு அம்சா. ஒனக்கு இத்த பண்ணத் தெரியாது."

"போன தடவ பண்ணேனேப்பா."

"நீ பண்ணல. தென்னரசு பை கொண்டாந்த அன்னிக்கே தெரியும். எழுத்து ஒட்டிக்கினு இருந்துச்சு. நீ தண்ணில ஊறப்போட்டுச் சொரண்டிக்கினு இருந்ததயும் பாத்துக்கினுதான் படுத்திருந்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்குது எனக்கு."

அடுப்பை அணைத்தேன். அப்படியானால் ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "அனுப்பச் சொல்லு" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. உடனே அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா வரவேணாம்னு சொல்லு. சோறு வேற, மொகம் வேற."

அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். தெரிந்தால் சாப்பிட மாட்டார் என்று நான் நினைத்தது தப்பு. தெரிந்தால் உன்னை உள்ளே விடுவார் என்று நீ நினைத்ததும் தப்பு. இப்போது உன் பெயரை ஒட்டியே அனுப்பலாம். நான் சுரண்ட மாட்டேன்.

எடை முப்பத்தெட்டு. சீக்கிரம் அனுப்பு.

அம்சா

திண்டிவனம்
19-9-2025

அம்சா,

அனுப்ப மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு வீட்டில் பரங்கி தயாராக இருந்தது. வாங்கி வைத்துவிட்டுத்தான் காத்திருந்தேன். படித்துவிட்டு அந்தப் பரங்கியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன், சாம்பாரில் போட்டுக்கொள்ளட்டும் என்று.

யார் செய்தது என்று தெரியாமல் சாப்பிடுகிறார் என்று நினைத்தபோது எனக்குக் கஷ்டமில்லை. அப்படிப் பத்து வருஷம் வேண்டுமானாலும் செய்திருப்பேன், உன்னைத் திட்டிக்கொண்டே செய்திருப்பேன். என் கை என்று தெரிந்தே சாப்பிட்டு, பிடித்திருந்து, இன்னும் கேட்டு, ஆனால் மூஞ்சியைக் காட்டாதே என்கிறாரே, அவருக்கு என்னால் செய்ய முடியவில்லை. நான் என்ன அவருக்கு அடுப்படிக் கைதானா? அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருக்கக் கூடாதா? முருகையன், "பெரியவரு, எப்பவோ சொன்னத புடிச்சிக்கினு கீறாரு, அனுப்பிடு அன்பு" என்கிறார். அவருக்கென்ன, அவரை வேண்டாம் என்று சொன்னது மாமனார். என்னை வேண்டாம் என்பது என் அப்பா.

கல் நெஞ்சு என்று சொல்லுவாய். சொல்லிக்கொள். செய்முறை உன்னிடம் இருக்கிறது, வரிவரியாக எழுதியிருக்கிறேன். மணலை வெயிலில் காயவைத்துப் போடு, ஈரம் போனால் சரியாக வரும். தெறிக்கும்போது ஓடாதே, தீயைக் குறைத்துவிட்டு நில். உன் கையால் செய்து, உன் பெயரைச் சொல்லிக் கொடு. இந்தத் தடவை அது பொய்யாக இருக்காது.

இனி எழுத மாட்டேன்.

அன்புச்செல்வி

விழுப்புரம்
30-9-2025

அன்புச்செல்விக்கு,

நீ எழுத மாட்டேன் என்றால் எனக்கென்ன, நான் எழுதுகிறேன்.

நாலு தடவை செய்தேன். மூன்று தடவை போனது போயிற்று. நாலாவது தடவை தட்டில் வைத்தது கசியாமல் அப்படியே உட்கார்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உன்னுடையதேதான். எந்த நீதிபதி வந்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒரு கிண்ணத்தில் போட்டு அப்பாவுக்கு எடுத்துப் போனேன். ஒரு கரண்டி வாங்கினார். விழுங்கினார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது. பிறகு கேட்டார், "தென்னரசு எப்போ வந்தான்?"

"வரலப்பா. நான் பண்ணேன்."

"அவ அனுப்பலியா?"

"இனிமே அனுப்ப மாட்டாளாம்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். நான் கரண்டியை நீட்டிக்கொண்டே நின்றேன். அன்றைக்கு இல்லை, மறுநாள் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். அப்பாவுக்காக இல்லை, எனக்காக. இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் நான். வாந்தியை அள்ளியவள் நான், துணி மாற்றுகிறவள் நான். கையெல்லாம் கொப்பளம். ருசியில் ஒரு குறை கிடையாது. இருந்தும் நீ செய்தது இல்லையென்றால் அவருக்கு அது சோறே இல்லை. உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது, அன்றைக்கு வந்த கோபத்துக்கு முன்னால். இப்போதும் தணியவில்லை. தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே.

நேற்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம திண்டிவனத்துலருந்து பாசஞ்சர் உண்டா?" என்றார். முப்பது வருஷம் ஸ்டேஷனில் தபால் பை இறக்கியவருக்கு ரயில் உண்டா இல்லையா என்று தெரியாதாம். உண்டுப்பா என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சவரம் செய்துவிட ஆள் கூப்பிடச் சொன்னார். வரச் சொல் என்று சொல்லவில்லை. அதை அவர் வாயால் சொல்ல மாட்டார், நீயும் அதற்காகக் காத்திருக்காதே. அவருக்கு அவ்வளவு நாள் இல்லை.

அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. எட்டரை பூசைக்கு நான் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவேன். கதவைத் தாழ்போட மாட்டேன். வீட்டில் அவர் மட்டும்தான். என்னிடம் பேச வேண்டாம், என்னைப் பார்க்கவும் வேண்டாம். பத்து மணிக்குத் திரும்பிவிடுவேன், அதற்குள் கிளம்பிவிடு.

பாட்டிலை மறக்காதே.

அம்சா

பின்குறிப்பு: அவருக்கு ஒரு கரண்டி இறங்க ஐந்து நிமிஷம் ஆகிறது. அவசரப்படுத்தினால் புரையேறும். பத்துக்குள் முடியாது. நான் பூசை முடிந்து மார்க்கெட்டுக்கும் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவேன்.